இருபத்தொரு அங்குலம்

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும், இதில் உட்காருங்கள். காகிதத்தை இப்படிக் கொடுங்கள். கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறேன்.

நாற்பத்தொரு கையெழுத்து! தெருவில் வீடே முப்பத்தாறுதான். தெருச் சங்கத் தேர்தலுக்குப் பன்னிரண்டு பேர் வந்தார்கள், அதில் நான்கு பேர் சமோசாவுக்கு வந்தவர்கள். எனக்கு எதிராக என்றால் மட்டும் நாற்பத்தொன்று. சந்தோஷம். ஏழாவது கையெழுத்தைப் பாருங்கள். செண்பகவல்லி. கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. என் மனைவி. உள்ளே உங்களுக்குக் காபி கலந்துகொண்டிருப்பது அவள்தான்.

நீங்கள் சங்கடப்பட வேண்டாம். கோடி வீட்டு மாடிக்குக் குடிவந்து ஒரு மாதம்தானே ஆகிறது? எதிர்வீட்டுத் தண்டபாணி, சங்கச் செயலாளர், உங்களை ஏன் அனுப்பினார் என்று எனக்குத் தெரியும். வேறு யாரும் என் கேட்டைத் தொடமாட்டார்கள். ஐந்து வாரமாக இந்தத் தெருவில் எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. புது ஆள் போனால் கிழவன் மரியாதையாகப் பேசுவான் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். மரியாதையாகத்தான் பேசுவேன். கையெழுத்து மட்டும் போடமாட்டேன்.

மனுவையாவது ஒழுங்காக எழுதியிருக்கிறார்களா? தேதி இல்லை. 'பார்வை' என்று போட்டு முந்தைய உத்தரவின் எண்ணைக் குறிக்கவில்லை. 'எங்கள் தெருச் சாலையை முன்பிருந்த உயரத்துக்கே உயர்த்தித் தருமாறு.' எந்த முன்பு? போன வருஷத்து முன்பா, தொண்ணூற்றிரண்டாம் வருஷத்து முன்பா? சண்டையே அதுதானே? இதை ஆபீஸில் நீட்டினால் டீக்கிளாஸுக்கு அடியில் வைப்பார்கள். தண்டபாணியிடம் சொல்லுங்கள், மனு எழுத வரவில்லையென்றால் என்னிடம் வரட்டும். எனக்கு எதிராக ஒரு நல்ல மனு நானே எழுதித் தருகிறேன்.

நான் வேதாசலம். முப்பத்தொரு வருஷம் ரோடு இன்ஸ்பெக்டராக இருந்தவன். வேலை பக்கத்து மாவட்டத்தில் ஒரு நகராட்சியில். தினம் ஒன்றரை மணி நேரம் ரயிலில் போய்வருவேன். இங்கே மனை வாங்கியபோது 'ஏரிக்கரை நகர்' என்று ஒரு பலகை இருந்தது, நகர் இல்லை. தொண்ணூற்றிரண்டில் வீடு கட்டினேன். முன்பக்கம் விதிப்படி பத்தடி காலியாக விட்டேன். வீட்டுத் தரையை ரோட்டுக்கு மேலே ஒன்றரை அடி தூக்கினேன். மேஸ்திரி, "ஒரு அடி போதும் சார்" என்றான். "யோவ், நான் ரோடு போடறவன்யா. ரோடு என்ன பண்ணும்னு எனக்குத் தெரியும்" என்றேன்.

தெரியும் என்றுதான் நினைத்தேன்.

ஏரிக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனி வளாகம் வந்தது. அதன் முதுகில் பதினான்கு மாடிக் குடியிருப்புகள் ஆறு வந்தன. மேம்பாலம் கட்டுகிறோம் என்று மெயின் ரோட்டை மூன்று வருஷம் மறித்து வைத்தார்கள். கலவை லாரி, கம்பி லாரி எல்லாம் நம் தெருவுக்குள் புகுந்து போயின. லாரி போனால் ரோடு உடையும். உடைந்தால் புது ரோடு. திறப்பு விழா என்றால் புது ரோடு. தேர்தல் என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு தடவையாவது பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போட்டார்களா? அதன் தலைமேலேயே மூன்று அங்குலம் கொட்டி, உருளையை ஓட்டிவிட்டுப் போனார்கள். இருபத்தேழு வருஷத்தில் ஏழு தடவை. ஏழு மூன்று இருபத்தொன்று. இருபத்தொரு அங்குலம்.

ஒவ்வொரு தடவையும் என் கேட் தூணின் உள்பக்கத்தில், ரோட்டு மட்டத்துக்கு, வெள்ளைக் கோடு போட்டுத் தேதி எழுதினேன். வரும்போது பார்த்திருப்பீர்கள். ஏழாவது கோடு போட்ட அன்றைக்கு ரோடு என் ஹாலைவிட மூன்று அங்குலம் மேலே. வீட்டுக்கு ஏறி வந்தவர்கள் எல்லாம் இறங்கி வர ஆரம்பித்தார்கள். தெருவில் படுத்திருக்கும் நாய் என் ஜன்னல் வழியாக டிவி பார்க்கும். சிரிக்காதீர்கள், சீரியல் ஆரம்பித்தால் காதைத் தூக்கும்.

நீயும் அப்படித்தானே போட்டிருப்பாய் என்று கேட்கிறீர்கள். கேட்கவில்லையா? முகம் கேட்கிறது. நான் நின்று போடவைத்த தெரு நூற்றுப் பன்னிரண்டு. ஒன்றைக்கூடச் சுரண்டினதில்லை, உண்மை. சுரண்டுவதற்கு மதிப்பீட்டிலேயே இடம் வைக்கமாட்டார்கள். மேலிருந்து வருவதைத்தான் கீழே இருப்பவன் செய்ய முடியும். ஒரு தையல்கடைக்காரர், காதர் மொய்தீன் என்று பெயர், வேலையாட்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்து நின்றார். "சார், போன தடவை போட்டதுலயே கடைக்குள்ள தண்ணி வருது. பழசைக் கொஞ்சம் சுரண்டிட்டுப் போடுங்க சார்." நான், "பாய், ரோடு இறங்காது. நீங்க கடையைத் தூக்கிக்குங்க" என்றேன். ஆட்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அப்போதெல்லாம் கட்டடத்தைத் தூக்குகிற ஆட்களே கிடையாது, வேடிக்கைக்குச் சொன்னதுதான். அது வேறு விஷயம்.

இந்தத் தெருவில்தான் நிஜமாகவே தூக்கினார்கள். நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? வடக்கேயிருந்து ஆட்கள் வருவார்கள். சுவருக்கு அடியில் குடைந்து இருநூறு ஜாக்கி வைப்பார்கள். ஒருவன் விசில் ஊதுவான். எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரு திருப்பு. வீடு அப்படியே, உள்ளே இருக்கிற பீரோவோடு, சாமி படத்தோடு, ஒரு நூல் மேலே போகும். பன்னிரண்டு வீடு அப்படி ஏறியது; மற்றவை பின்னால் வந்தவை, ரோட்டு உயரம் பார்த்தே கட்டினவை. ஏறின ஒவ்வொரு வீட்டுக்கும் மறுபடி கிரகப்பிரவேசம், மறுபடி பால் காய்ச்சி, மறுபடி என் கையில் மொய்க்கவர். ஒரே வீட்டுக்கு எத்தனை தடவையய்யா குடிபோவீர்கள் என்று தண்டபாணியைக் கேட்டேன். "நீங்களும் தூக்கிடுங்க சார், எத்தனை நாள் பள்ளத்துலயே இருப்பீங்க" என்றார். அவர் நான்கரை அடி தூக்கியிருந்தார். கார் நிறுத்துகிற இடத்தையும் சேர்த்து.

நான் ஏன் தூக்க வேண்டும்? சொல்லுங்கள். விதிப்படி கட்டினது நான். விதியை மீறி ஏறினது ரோடு. தப்பு செய்தவன் நிற்க, தப்பு செய்யாதவன் ஒதுங்கிக்கொடுப்பதா? தூக்கமாட்டேன், ரோடு இறங்கும் என்றேன். திங்கள்கிழமைதோறும் குறைதீர் நாளுக்குப் போனேன். அறுபத்து மூன்று மனு. கடைநிலை ஊழியர்கூட என்னைப் பார்த்ததும் உள்ளே எட்டி, "இருபத்தோரு அங்குலம் வந்துட்டாரு" என்று குரல் கொடுப்பார். கொடுக்கட்டும். எண்ணிக்கையாவது சரியாகச் சொன்னாரே.

இதோ காபி. எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை போதுமா?

"கையெழுத்தைப் போட்டுக் குடுத்து அனுப்புங்களேன், பாவம். ஞாயித்துக்கிழமையும் அதுவுமா அவரைப் பிடிச்சு உக்கார வெச்சுக்கிட்டு."

பார்த்தீர்களா? இவள்தான் ஏழாம் நம்பர்.

"ஆமா, ஏழாம் நம்பர்தான். ஆறாம் நம்பராப் போட்டிருப்பேன், பேனா எழுதல. ஏங்க, ரெஜினா டீச்சர் வீட்டுல நாலு நாள் சாப்பிட்டதைச் சொன்னீங்களா அவர்கிட்ட?"

வரிசையாகத்தான் சொல்லிக்கொண்டு வருகிறேன். நீ போ.

"வரிசையாச் சொன்னா அது வர்றதுக்குள்ள அவரு வீடு மாத்திட்டுப் போயிடுவாரு."

போய்விட்டாள். கதவுக்குப் பின்னால்தான் நிற்பாள். இருக்கட்டும்.

ரெஜினா டீச்சர் பக்கத்து வீடு. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம். அரசுப் பள்ளியில் ஆங்கிலம் எடுத்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்காரர் சவரிமுத்து, மின்சார ரயில் ஓட்டினவர். நான் வேலைக்குப் போய்வந்த ரயிலைப் பாதி நாள் அவர்தான் ஓட்டியிருக்கிறார். நான் ஓடிவருவது தெரிந்தால் அரை நிமிஷம் தாமதிப்பார். சாயங்காலம் வீட்டு வாசலில், "என்னா வேதாசலம், உனக்காக மூவாயிரம் பேரை நிக்க வெச்சேன்" என்பார். ஐந்து வருஷத்துக்கு முன்னால் வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் பாதி போயிற்று. அதற்கு மறுவருஷம்தான் அவர்களும் வீட்டைத் தூக்கினார்கள். பழைய ரோட்டு மட்டத்துக்கு மேலே நான்கு அடி. அவருடைய ஓய்வுக்காலப் பணம் மொத்தமும் அதிலேயே போனது.

தூக்கினால் படி வரும். படி வந்தால் சக்கர நாற்காலி இறங்காது. அதனால் வீட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு சாய்தளம் கட்டினார்கள். அதற்கு அளவு கொடுத்தது நான்தான். ஓர் அங்குலம் இறங்க ஓர் அடி நீளம் வேண்டும், அதற்குக் குறைந்தால் நாற்காலி ஓடிவிடும். நான்கு அடியில் ரோட்டின் உயரம் இருபத்தொரு அங்குலம் போக, மீதி இருபத்தேழு. இருபத்தேழு அங்குலத்துக்கு இருபத்தேழு அடி. வீட்டின் நீளத்துக்குச் சரியாக அமைந்து, கேட்டில் வந்து ரோட்டோடு தொட்டது. தினமும் ஐந்து மணிக்கு டீச்சர் அவரைத் தள்ளிக்கொண்டு தெருமுனை டீக்கடைக்குப் போவார். அங்கே பேப்பரை யாராவது படிக்க, அவர் இடது கையால் மேசையைத் தட்டித் தட்டி ஆட்சியைக் கவிழ்ப்பார். ஒரு நாள் தவறமாட்டார்.

போன வருஷம் கார்த்திகையில் மழை பெய்தது அல்லவா, நீங்கள் அப்போது இந்த ஊரில் இல்லை. தெருத் தண்ணீர் முழுக்க எனக்குத்தான் வந்தது. வேறு எங்கே போகும், நான்தானே பள்ளம். விடியற்காலை கட்டிலிலிருந்து காலை வைத்தால் முழங்கால் வரை. செண்பகம் அரிசி டிரம்மைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அது மிதந்து போகப் பார்த்தது. டீச்சர் சுவருக்கு மேலிருந்து, "சார், அக்காவைக் கூட்டிட்டு மேல வாங்க, என்ன யோசனை" என்று கத்தினார். போனோம். நான்கு நாள் இருந்தோம். சாப்பாடு, படுக்கை, மாற்றுத்துணி எல்லாம். சவரிமுத்துவின் வேட்டியைத்தான் கட்டிக்கொண்டிருந்தேன். மறைக்கவில்லை, செண்பகம், கேட்கிறதா? சொல்லிவிட்டேன்.

அறுபத்து நான்காவது மனுவை டீச்சர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் எழுதினேன். நான் அளவுகளைச் சொல்லச் சொல்ல அவர் ஆங்கிலத்தில் எழுதினார். ஏழு கோடு, ஏழு தேதி, ஒவ்வொன்றுக்கும் போட்டோ, தண்ணீர் எத்தனை அங்குலம் நின்றது என்று பட்டியல். என் தமிழ் மனு அறுபத்து மூன்றும் சேர்ந்து செய்யாததை டீச்சருடைய இரண்டு பக்கம் செய்தது. மழைநீர்க் கால்வாய்த் திட்டம் நம் தெருவுக்கு வந்தபோது ஒரு இளம் பெண் என்ஜினியர் அந்த மனுவைக் கையில் வைத்துக்கொண்டு என் கேட் முன்னால் வந்து நின்றார். தூணைப் பார்த்தார். குனிந்து டேப் வைத்துப் பார்த்தார். "இவ்ளோ சுத்தமான கணக்கு எங்க ஃபைல்லயே இல்லையே சார்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே நான் அறுபத்து நான்கு தடவை போயிருக்கலாம்.

வெட்டினார்கள். நான் கோடு போட்ட தூணின் அடிமட்டம் வரைக்கும் வெட்டினார்கள். பொக்லைன் வந்து கடித்துக் கடித்து எடுத்தது. வெட்டின இடத்தில் ஏழு அடுக்கும் தனித்தனியாகத் தெரிந்தது. நான் ஓரத்தில் நின்று, இது மேம்பாலத்துக்குப் போட்டது, இது இரண்டாயிரத்தொன்பது தேர்தலுக்குப் போட்டது என்று டிரைவருக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் காதில் ஹெட்போன் இருந்தது, கேட்டாரோ இல்லையோ. மூன்றாம் வாரம் புது ரோடு, பழைய மட்டத்தில். செண்பகம் வீட்டிலிருந்து ரோட்டுக்கு இறங்கி நடந்தாள். இறங்கி! எத்தனை வருஷத்துக்குப் பிறகு.

ஜெயித்தேனா இல்லையா? நீங்களே சொல்லுங்கள்.

வெட்டினதை நிரப்பி மறுபடி மேலே ஏற்றிவிடுவார்கள் என்று நினைத்திருந்த தெரு மறுநாள் காலையில்தான் முழித்துக்கொண்டது. என் வீட்டைத் தவிர எல்லா வாசலும் அந்தரத்தில். சாய்வாக இறங்கின சிமென்ட் எல்லாம் கேட்டுக்கு வெளியே வந்து, இருபத்தொரு அங்குலம் உயரத்தில் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றது. வண்டி ஏறாது, வண்டி இறங்காது. தண்டபாணியின் கார் மேலேயே மாட்டிக்கொண்டது. மூன்று வாரம் ஷோரூமில் நிற்கிற மாதிரி நின்றது. "என்ன தண்டபாணி, கார் என்ன விலை?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் மனைவி பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு இறங்கும்போது விழுந்து மணிக்கட்டில் கட்டு. அதற்கும் நான்தான் காரணமாம். ஸ்டூலையும் நானா போட்டேன்? அப்போதே தெருவில் பேச்சு நின்றது. ஒரு நாள் காலையில் என் கேட்டில் ஒரு பை குப்பை தொங்கியது. பரவாயில்லை. மற்றவர்கள் ஆளுக்கு மூன்று படி கட்டிக்கொள்ளட்டும். நான் இருபத்தேழு வருஷம் தண்ணீர் இறைத்தேன், அவர்கள் மூன்று படி கட்டக்கூடாதா? இந்தத் தெருவில் எவருக்கும் நான் தலைகுனிய வேண்டியதில்லை.

ஒருவரைத் தவிர என்று சொல்ல வருகிறீர்கள். சொல்லவில்லையா? சரி.

சவரிமுத்து வெளியே வந்து ஐந்து வாரம் ஆகிறது. சாய்தளம் கேட்டில் வந்து நிற்கிறது, அதற்குக் கீழே ஒன்றே முக்கால் அடி வெறும் காற்று. ஐந்து மணிக்கு டீச்சர் அவரை அந்த விளிம்பு வரைக்கும் தள்ளிக்கொண்டு வருவார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்ப்பார்கள். பிறகு திருப்பிக்கொண்டு போவார். முதல் நாள் நான்கு ஆட்களைக் கூப்பிட்டு நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். அவர் வேண்டாம் வேண்டாம் என்று இடது கையை ஆட்டினார். மறுநாளிலிருந்து தூக்க விடவில்லை. ரயில் ஓட்டினவர் அல்லவா, மூட்டை மாதிரி இறங்கமாட்டார்.

இந்தக் காகிதத்தில் ரெஜினா டீச்சர் கையெழுத்து இல்லை, கவனித்தீர்களா? இந்தத் தெருவில் கேட்டும் போடாதவர்கள் இரண்டே பேர். நான் ஏன் போடவில்லை என்று தெரியும். அவர் ஏன் போடவில்லை? தண்டபாணி முதலில் அங்கேதான் போனார், எல்லாரையும்விட நஷ்டம் அவருக்குத்தானே என்று. டீச்சர் சொன்னாராம்: "அந்த மனுவை எழுதினது என் கை. அக்கா தண்ணிக்குள்ள நின்னதைப் பார்த்த கண்ணும் என்னுதுதான். ரோடு ஏறணும்னு நான் எழுதமாட்டேன். எனக்கும் அவருக்கும் இருக்கிற கணக்கு வேற."

அது என்ன கணக்கு என்று தண்டபாணிக்குத் தெரியாது. செண்பகத்துக்கும் சமீபத்தில்தான் தெரியும். தெரிந்த அன்றைக்குத்தான் ஏழாவது கையெழுத்து விழுந்தது.

அன்றைக்கு அந்த மேசையில் டீச்சர் எழுதிக்கொண்டே வந்தார். 'சாலை தன் பழைய மட்டத்துக்குக் கொண்டுவரப்பட வேண்டும்' என்ற இடத்தில் பேனா நின்றது. நிமிர்ந்து, "சார், ரோடு கீழ போனா எங்க ரேம்ப் என்னாகும்?" என்று கேட்டார்.

எனக்கு அது தோன்றவே இல்லை என்று தெருவில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கிழவன் தன் வீட்டை மட்டும்தான் பார்த்தான், பக்கத்து வீட்டைக் கவனிக்கவில்லை என்று. அளவு கொடுத்ததே நான். எனக்கா தோன்றாது? அவர் கேட்பதற்கு முன்னாலேயே கணக்கு மனத்தில் ஓடிவிட்டது. இன்னும் இருபத்தோரு அடி நீளம் வேண்டும், டீச்சர் வீட்டில் இடம் கிடையாது. முன்பக்கம் அவர்கள் விட்டது ஐந்தடி, அதிலும் தண்ணீர்த் தொட்டியும் போர்வெல்லும். ரோட்டில் நீட்டினால் இடித்துவிடுவார்கள். வழியே இல்லை. எல்லாம் தெரியும்.

"அதுக்கு ரூல் இருக்கு டீச்சர். ரோட்டை இறக்கினா ரேம்ப்பை அவங்களே கட்டிக் குடுக்கணும்" என்றேன்.

அப்படி ஒரு விதி கிடையாது. எங்கேயும் கிடையாது.

டீச்சர் தலையாட்டிவிட்டு எழுத ஆரம்பித்தார். ரோடு விஷயத்தில் நான் சொன்னதை அவர் ஒரு நாளும் திருப்பிக் கேட்டதில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் சவரிமுத்து உட்கார்ந்திருந்தார். நான் அவர் வேட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது, என் வீட்டுக்குள் தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தொட்டுவிட்டது. அந்த நேரத்தில் நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? இல்லை, சொல்லுங்கள். உண்மையைச் சொல்லியிருந்தால் மனு நின்றிருக்கும். மனு நின்றிருந்தால் அடுத்த கார்த்திகையில் நானும் அவளும் அந்த டிரம்மைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்போம். பெரிய லாபத்துக்குச் சின்னப் பொய். ஆபீஸில் தினமும் நடக்கிறதுதான். அது வேறு...

சரி. வேறு விஷயம் இல்லை.

ரோடு போட்டு முடித்த வாரம் டீச்சர் தானே மண்டல அலுவலகத்துக்குப் போயிருக்கிறார், அந்த விதிப்படி ரேம்ப் எப்போது கட்டுவீர்கள் என்று கேட்க. அந்தப் பெண் என்ஜினியர் புத்தகத்தை எடுத்துக் காட்டியிருக்கிறார். வந்து என்னிடம் சத்தம் போடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, "சார், அப்படி ஒரு ரூல் இல்லைன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?" என்று மட்டும் கேட்டார். நான் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். "மாத்தியிருப்பாங்க டீச்சர், புது ஆளுங்க" என்றேன். அவர் உள்ளே போய்விட்டார். ஒரு பொய்யை இரண்டாக்கினேன். செண்பகம் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

வாருங்கள், வெளியே வாருங்கள். காபி டம்ளர் அங்கேயே இருக்கட்டும். இதைப் பார்க்காமல் போகக் கூடாது.

இந்தச் சுவர் என்னுடையது, நான் கட்டினது. பத்து நாளைக்கு முன்னால் நானே உடைத்தேன். நான்கடி அகலம். என்னிடம் விதிப்படி விட்ட பத்தடி இருக்கிறதல்லவா? சுவர் ஓட்டையிலிருந்து முன்பக்கமாக, இதோ, என் கேட் வரைக்கும். டேப் வேண்டுமா? இருபத்தோரு அடி. ஓர் அங்குலத்துக்கு ஓர் அடி. சிமென்ட் வழுக்காமல் இருக்கக் கோடு கிழித்திருக்கிறேன். ஓரத்தில் நான்கு அங்குலக் கட்டை, சக்கரம் வெளியே போகாது. தினம் மூன்று வேளை தண்ணீர் ஊற்றி இறுக வைத்தேன். செண்பகத்தின் மல்லிகை, நந்தியாவட்டை எல்லாம் போய்விட்டன. அவர்கள் சாய்தளத்தின் முனையும் இதன் தலையும் ஒரு நூல் பிசகாமல் ஒட்டும். டீச்சர் வீட்டுக்குள் காலை வைக்காமலே அளந்தேன். முப்பத்தொரு வருஷத்தில் நான் போட்டதிலேயே இதுதான்... விடுங்கள்.

இது பரிகாரம் இல்லை. தெருவில் போய் அப்படிச் சொல்லாதீர்கள். அரசாங்கம் செய்யாததை ஒரு ரோடு இன்ஸ்பெக்டர் செய்து காட்டியிருக்கிறான், அவ்வளவுதான்.

இன்னும் ஒருவரும் இதில் இறங்கவில்லை. ஓட்டைக்கு அந்தப் பக்கம் பாருங்கள், குரோட்டன்ஸ் தொட்டி மூன்று வரிசையாக வைத்திருக்கிறார். நான் உடைத்த அன்று மாலையே வைத்தார். செண்பகத்தைத் தூது அனுப்பினேன். டீச்சர் சொன்னது இது: "அக்கா, ரேம்ப் நல்லா இருக்குன்னு சொல்லுங்க. ஆனா, அவரு எதுக்கு அதைக் கட்டினாருன்னு வாயைத் திறந்து சொல்லட்டும். என்கிட்ட தனியா வேண்டாம். தெரு கேக்கட்டும். ரூல் இல்லைன்னு தெரிஞ்சேதான் சொன்னேன்னு சொல்லட்டும். அப்புறம் தொட்டியை நகத்தறேன்."

நான் எப்படிச் சொல்வேன்? தண்டபாணி கேட்கிற மாதிரி? மூன்று வாரம் கார் மாட்டிக்கொண்டவர் அதைக் கேட்டுவிட்டால் இந்தத் தெருவில் நான் என்ன சொன்னாலும் பொய் என்பார். ஏழு கோடும் பொய் என்பார். அறுபத்து நான்கு மனுவும் பொய் என்பார். அவர் கையில் நானே எடுத்துக்கொடுப்பதா? கிழவன் வாயைத் திறந்து ஒப்புக்கொண்டான் என்று சமோசா வாங்கிக் கொண்டாடுவார்கள். சொல்லவேமாட்டேன் என்று செண்பகத்திடம் சொன்னேன். "நீங்க சொல்லாட்டி போங்க, மனுஷன் அங்க நாலு சுவத்துக்குள்ள கெடக்கட்டும்" என்றாள். பத்து நாளாக அவளும் என்னிடம் சாப்பிட வாங்க, சாப்பிட வாங்க என்பதற்கு மேல் பேசுவதில்லை. நீங்கள் வந்த பிறகுதான் இன்றைக்கு இரண்டு வாக்கியம் சேர்ந்து பேசினாள்.

மணி என்ன? நான்கு ஐம்பத்தைந்தா? அப்படியானால் இப்போது தள்ளிக்கொண்டு வருவார். கிரீச் என்று ஒரு சத்தம் கேட்கும், இடது சக்கரம். எண்ணெய் போடச் சொல்ல வேண்டும்.

இந்தாருங்கள் உங்கள் காகிதம். கையெழுத்து இல்லை. ரோடு இறங்கினது இறங்கினதுதான். ஒரு அங்குலம் ஏற்றினாலும் பொக்லைனுக்கு முன்னால் படுப்பேன், தண்டபாணியிடம் அப்படியே சொல்லுங்கள். அடுத்தது டீச்சர் வீட்டுக்குத்தான் போகச் சொல்லியிருப்பார்கள், தெரியும். அவரும் போடமாட்டார். ஆனாலும் கேட்டுப் பாருங்கள். அவர் வாசல் வழியாகப் போகாதீர்கள், உங்கள் உயரத்துக்குக்கூட அது எட்டாது, முட்டி பெயரும். இதில் ஏறிப் போங்கள். தயங்காதீர்கள், காய்ந்துவிட்டது, லாரியே ஏறலாம். தொட்டியைத் தாண்டி ஒரு எட்டு வைத்தால் அவர்கள் பக்கம். அங்கே போய் டீச்சரிடம் சொல்லுங்கள், வேதாசலம் சொன்னார், அந்த ரூல்...

இல்லை. நில்லுங்கள். நீங்கள் போய்ச் சொன்னால் அது நான் சொன்னதாகாது.

டீச்சர்! ரெஜினா டீச்சர்! கேக்குதா?

சவரி அண்ணனும் இருக்காரா? நல்லது. தண்டபாணி, நீங்களும் பால்கனியில மறைஞ்சு நிக்க வேணாம், நல்லா வெளியவே வந்து கேளுங்க. ரூல் கெடையாது டீச்சர்! அன்னைக்கு உங்க மேசையில உக்காந்து சொன்னப்பவே எனக்குத் தெரியும்! தெரிஞ்சேதான் சொன்னேன்! உங்க வீட்டுச் சோத்தைத் தின்னுக்கிட்டே சொன்னேன்! ஆமா, பொய்தான்! ரோட்டு விஷயத்துல சொன்னது ஒண்ணும் பொய்யில்ல, அந்த ஏழு கோட்டையும் எவன் வேணாலும் வந்து அளந்துக்கலாம்! ரோடு ஒரு நூல் ஏறாது! ஆனா ரேம்ப் விஷயத்துல நான் சொன்னது பொய்!

பாருங்கள், டீச்சர் தொட்டிப் பக்கம் வருகிறார்.

செண்பகம், நீ எதற்கு இப்போது அங்கே ஓடுகிறாய்? தனியாக நகர்த்தாதே, மண் தொட்டி, இடுப்பு பிடித்துக்கொள்ளும். அவர்களே நகர்த்தட்டும், அவர்கள்தான் நகர்த்த வேண்டும். சார், நீங்கள் ஏன் அப்படியே நிற்கிறீர்கள்? அந்தக் காகிதத்தைக் கீழே வையுங்கள். ஓடிப்போய் என் கேட்டை முழுசாகத் திறங்கள். இரண்டு கதவையும்!